கனவு இல்லம்: எதை இன்று கேட்பது, எதை நாளைக்கு விடுவது?

வீட்டுக்கடன் விண்ணப்பப் படிவத்தில் நிரப்ப வேண்டிய இடங்கள் பல. ஆண்டு வருமானம், பணிக்காலம், பிற கடன்கள், மனையின் அளவு, கட்டுமானச் செலவின் மதிப்பீடு என அவை நீள்கின்றன. இந்த வீட்டில் எப்படி வாழ எண்ணுகிறீர்கள் என்று மட்டும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதைக் கேட்பது வங்கியின் வேலையும் அன்று. ஆயினும் அந்தக் கேள்விக்கு விடை காணாமல் கையொப்பமிடும் குடும்பம், இருபது ஆண்டுகள் தவணை செலுத்தப்போவது தனக்கு வேண்டிய வீட்டுக்கா, விளம்பரப் படத்தில் கண்ட வீட்டுக்கா என்பதை அறியாமலேயே கடனைத் தொடங்கிவிடுகிறது.

என்னென்ன வேண்டும் என்று கேட்டால் குடும்பத்தில் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வர். பெரிய சமையலறை, கூடத்தில் ஊஞ்சல், தனிப் பூசையறை, மகளுக்குப் படிப்பறை, விருந்தினர் அறை, மொட்டைமாடியில் தோட்டம். இவற்றை அவசியம், ஆடம்பரம் என இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அந்தப் பிரிவு அவ்வளவாகப் பயன்படுவதில்லை என்பது எங்கள் கருத்து. இளையவருக்கு ஆடம்பரமாகத் தோன்றும் ஊஞ்சல், பிற்பகல் முழுவதையும் அதிலேயே கழிக்கும் முதியவருக்கு அவசியம். இந்த வாதத்தில் வெல்பவர் எவரும் இலர்.

வேறொரு பிரிவு கூடுதலாக உதவும். பின்னர் சேர்த்துக்கொள்ளக் கூடியவை ஒரு புறம்; இடித்தாலொழியச் சேர்க்க இயலாதவை மறுபுறம். அதே ஊஞ்சலையே எடுத்துக்கொள்வோம். பலகையையும் சங்கிலியையும் பத்தாண்டு கழித்தும் வாங்கலாம். அதைத் தாங்கும் கொக்கியையோ கூரைக்குக் காங்கிரீட் இடும் நாளிலேயே கம்பிகளோடு பிணைத்துவிடுவதுதான் பாதுகாப்பு. கொக்கிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது; தவறவிட்ட நாள் மீண்டும் வருவதில்லை. வீட்டில் இத்தகைய கொக்கிகள் பல உள்ளன. அவற்றைத் தேடிக் குறித்துக்கொள்வதே திட்டமிடலின் முதல் வேலை.

பெரிய அளவில் இம்முறையைப் பின்பற்றிய குடியிருப்பு ஒன்று மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் உள்ளது. கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் தலைமையில் 1980களில் திட்டமிடப்பட்ட அரண்யா குடியிருப்பில், வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு முழு வீடு தரப்படவில்லை. அஸ்திவார மேடை, குடிநீரும் கழிவுநீரும் இணைந்த கழிப்பறைப் பகுதி, ஓர் அறை ஆகியவையே அடிப்படையாக அமைந்தன. எஞ்சியவற்றைக் கையில் பணம் சேரச் சேரக் குடும்பங்கள் தாமே கட்டிக்கொண்டன. பின்னர் மாற்றுவதற்கு அரியவற்றை முதலில் சரியாக அமைத்து, மற்றவற்றைக் காலத்திடம் விட்டுவிட்ட அத்திட்டம் 1995இல் ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்றது. தோஷி 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற முதல் இந்தியரானார். ஐம்பது, அறுபது லட்ச ரூபாய் செலவிடும் நாமும் அந்த எளிய குடும்பங்களின் முறையைக் கைக்கொள்ளலாம்.

பட்டியலுக்கு முன் ஒரு நாள்

வசதிகளின் பட்டியலை எழுதத் தொடங்குமுன், இப்போது வசிக்கும் வீட்டில் கழியும் ஒரு நாளை எழுதிப் பார்ப்பது நன்று. ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள் என இரண்டும் வேண்டும். காலை ஆறரை மணிக்குக் குளியலறை வாசலில் எத்தனை பேர் காத்திருக்கின்றனர்? மாவரைக்கும் கிரைண்டர் ஓடும்போது தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை எங்கே அமர்கிறது? மும்பையிலோ கொச்சியிலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத்துணி எங்கே உலர்கிறது? 25 கிலோ அரிசி மூட்டை எந்த மூலையில் நிற்கிறது? செருப்புகள் எங்கே குவிகின்றன? இரவில் கடைசியாக உறங்குபவர் யார், அவர் எரியவிடும் விளக்கு யாருடைய உறக்கத்தைக் கெடுக்கிறது?

இவ்வாறு எழுதும்போது விளம்பரங்களில் இடம்பெறாத தேவைகள் வெளிப்படும். நான்கு பேர் ஒரே நேரத்தில் புறப்படும் வீட்டுக்கு மூன்றாவது படுக்கையறையைக் காட்டிலும் இரண்டாவது குளியலறையே ஆறுதல் தரும். கழிப்பறையும் குளிக்குமிடமும் ஒரே கதவுக்குள் இல்லாமல் தனித்தனியே அமைந்தால், கூடுதல் இடம் அதிகம் கொள்ளாமலேயே காலை நெரிசல் குறையும். நம் பாட்டனார் காலத்து வீடுகளில் இருந்த அந்த ஏற்பாட்டை அடுக்குமாடிக் காலத்தில் நாம் தேவையின்றிக் கைவிட்டுவிட்டோம். சமையல் மேடையின் உயரத்தையும் கடைத்தெருவின் அளவுப்படி விட்டுவிடக் கூடாது. அன்றாடம் சமைப்பவரின் முழங்கைக்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை அமைந்தால் தோளும் இடுப்பும் நோவதில்லை. மேடைக் கல்லைப் பதித்த பின் அதை உயர்த்துவது எளிதன்று.

விருந்தினர் அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். மிகுதியானோர் கேட்பதும், மிகுதியான வீடுகளில் பூட்டிக் கிடப்பதும் அதுவே. பத்துக்குப் பதினொரு அடி அறை 110 சதுர அடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் எனக் கொண்டால் 2,20,000 ரூபாய் ஆகும். அத்தொகையை 8.5 விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,909 ரூபாய். மொத்தமாகச் செலுத்துவது சுமார் 4,58,000 ரூபாய். ஊரிலிருந்து வரும் உறவினர் ஆண்டுக்கு இருபது இரவுகள் தங்குவதாக வைத்தால், இருபதாண்டில் 400 இரவுகள். ஓர் இரவுக்கு 1,145 ரூபாய்.

உறவுக்கு இப்படியா கணக்குப் பார்ப்பது என்று வாசகர் சினம் கொள்ளலாம். வருபவரைக் குறைத்துக்கொள்ள இக்கணக்கு சொல்லப்படவில்லை. மற்ற 345 நாள்களும் அந்த அறை என்ன செய்யும் என்பதே கேள்வி. படிப்பறையாகவும், வீட்டிலிருந்தே அலுவல் பார்ப்பவருக்கு அலுவலறையாகவும் பயன்பட்டு, உறவினர் வரும்போது படுக்கையாக விரியும் சோபா ஒன்று அங்கே இருக்குமாயின் அதே 110 சதுர அடி முழுமையாக உழைக்கும்.

இடித்தாலொழிய மாறாதவை

முதலாவது திசை. தில்லியில் ஜூன் 21 அன்று நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 85 பாகை உயரத்தில், தலைக்கு மேலேயே நிற்கிறது. டிசம்பர் 21 அன்று 38 பாகைக்கே தாழ்ந்து தெற்கே சாய்கிறது. ஆகவே தென்புறச் சன்னலின் மேல் இரண்டடி சன்ஷேடு இருந்தால் கோடை வெயில் உள்ளே வாராது. குளிர்கால வெயில் தாராளமாக வரும். கிழக்கு, மேற்குச் சன்னல்களுக்கு இந்தச் சலுகை இல்லை. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கதிர்களை எந்தச் சன்ஷேடும் முழுமையாகத் தடுக்காது. பிற்பகல் முழுவதும் காய்ந்த மேற்குச் சுவர், இரவிலும் வெப்பத்தை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தில் மாடிப்படி, குளியலறை, பொருள்களை வைக்கும் அறை ஆகியவற்றை அமைத்துப் படுக்கையறையை விலக்கி வைத்தால், குளிரூட்டியின் மின்கட்டணம் ஆண்டுதோறும் குறையும். வாஸ்து பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருப்பின் அவர்களுடைய கருத்தையும் வரைபடம் உருவாகும்போதே கேட்டுவிடுவது எல்லாருக்கும் நிம்மதி. தளம் போட்ட பின் சமையலறையை இடம் மாற்றச் சொல்வதால் வரும் மனத்தாங்கல், எந்த மூலையின் தோஷத்தையும் விடப் பெரிது.

அடுத்தது தாங்கும் வலிமை. ‘பிற்காலத்தில் மாடி எடுக்கலாம்’ என்று மொட்டைமாடியில் நீட்டி விடப்பட்ட தூண் கம்பிகளை நாடெங்கும் காண்கிறோம். பல வீடுகளில் அவை ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்து துருவேறி நிற்கின்றன. மாடி எழுவது அந்தக் கம்பிகளால் மட்டும் முடிவாவதில்லை. மண்ணுக்கடியில் உள்ள அஸ்திவாரம் எத்தனை தளங்களுக்கெனக் கணக்கிடப்பட்டது என்பதே அதை முடிவு செய்கிறது. இரண்டாம் தளம் வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், அதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் இன்றே சொல்லி, அதற்குரிய கணக்கை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். விட்டுவைக்கும் கம்பிகளுக்குச் சிமெண்டுப் பூச்சு தந்து மூடி வைப்பதும் வேண்டும்.

வாகனம் நிறுத்தத் தரைத்தளம் முழுவதையும் சுவரின்றித் தூண்களாக விடும் ஆசைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாதில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. கீழ்த்தளம் தூண்களோடு மட்டும் நின்ற கட்டடங்களே அவற்றில் மிகுதி. அத்தகைய தளமே கூடாது என்பதில்லை. அதற்கெனத் தனியே வலுவூட்டி வடிவமைக்க வேண்டும். வடிவமைத்தவரின் சான்று கையில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவைக் குறைத்துப் பளிங்குத் தரைக்கு ஒதுக்குவது, நாம் காணும் தவறுகளில் மிகவும் கவலைக்குரியது.

தவணை முடியும் நாளின் வயது

கையொப்பமிடும்போது 38 வயதினராக இருப்பவர், இருபதாண்டுத் தவணை முடியும்போது 58 வயதினர். அவருடைய 62 வயதுத் தாயாருக்கு அப்போது 82. இதற்கு எந்த நிபுணரும் தேவையில்லை. ஆயினும் வரைபடத்தின் முன் அமரும்போது நாம் அனைவரும் இன்றைய வயதிலேயே இருக்கிறோம். படுக்கையறைகள் யாவும் மாடியில், கீழே கூடமும் சமையலறையும் மட்டும் என்று அழகாகக் கட்டப்பட்ட வீட்டில், முழங்கால் அறுவை முடிந்து திரும்பும் தாயாருக்குக் கூடத்திலேயே கட்டில் போட வேண்டி வருகிறது.

தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, அதனோடு இணைந்த குளியலறை ஆகிய இரண்டும் எங்கள் பட்டியலில் முதலிடம் பெறுகின்றன. குளியலறைக் கதவை இரண்டரை அடியில் அமைப்பது பரவலான பழக்கம். சட்டமும் கதவின் கனமும் போக எஞ்சும் இடைவெளியில் சக்கர நாற்காலி நுழைய இடர்ப்படும். கதவு திறந்த நிலையில் 900 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது அணுகுதலுக்கான விதிகள் கூறும் அளவு. நாற்காலி திரும்புவதற்கு 1,500 மில்லிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். கைப்பிடிக் கம்பிகளை இன்றே பொருத்த வேண்டியதில்லை. அவற்றைத் தாங்குமாறு கழிப்பறைச் சுவரின் அந்தப் பகுதி திண்மையாகக் கட்டப்பட்டிருந்தால் போதும். கம்பியை ஒரு மணி நேரத்தில் பொருத்திவிடலாம்.

இங்கே இரண்டு நல்ல விருப்பங்கள் ஒன்றோடொன்று மோதுவதையும் சொல்லியாக வேண்டும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. அப்படியொரு மழையைக் கண்டவர் எவரும் வீட்டின் பேஸ்மட்டத்தை உயர்த்திக் கட்டவே விரும்புவர். சாலையின் உயரம் ஆண்டுதோறும் ஏறும் நகரங்களில் அது அறிவுடைமையும்கூட. ஆனால் பேஸ்மட்டம் 60 சென்டிமீட்டர் உயர்ந்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சாய்வில் சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை 7.2 மீட்டர் நீளம் வேண்டும். அதாவது ஏறத்தாழ 24 அடி. முன்வாசலில் அவ்வளவு இடம் பலருக்கு இராது. பக்கவாட்டில் சுவரையொட்டிப் பாதை செல்லுமாறு இடம் விட்டுவைத்தால் இரண்டும் கைகூடும். சரிவுப்பாதையை இன்று கட்ட வேண்டியதில்லை. அந்த இடத்தில் செப்டிக் டேங்கையோ தண்ணீர்த் தொட்டியின் மூடியையோ அமைத்துவிடாமல் இருந்தால் போதும்.

சுவருக்குள் மறையும் குழாய்களும் இவ்வகையினவே. 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 80,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் எஞ்சும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில், நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 118 நாள்களுக்குரிய நீர் அது. 2024 கோடையில் பெங்களூருவில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கழிப்பறைக்குச் செல்லும் குழாயைக் குடிநீர்க் குழாயிலிருந்து பிரித்து அமைத்தால், மழைநீரையும் மறுபயன்பாட்டு நீரையும் அதில் விடலாம். சூரிய மின்தகடுகளுக்கும் மொட்டைமாடியில் நிழல் விழாத இடம் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர். அங்கிருந்து மீட்டர் வரை வெற்றுக் குழாய் ஒன்றைச் சுவருக்குள் பதித்துவிட்டால், தகடுகளை வசதிப்பட்டபோது வாங்கலாம். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் மத்திய அரசின் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது.

ஆசைக்கு வட்டி

இனி எங்கள் துறைக்கு வருவோம். 60 லட்ச ரூபாய் விலையுள்ள வீட்டுக்கு, ரிசர்வ் வங்கியின் வரம்புப்படி 80 விழுக்காடு, அதாவது 48 லட்சம் வரையே கடன் கிடைக்கும். கடன்தொகை 30 லட்சம் வரையாயின் வரம்பு 90 விழுக்காடு. 75 லட்சத்துக்கு மேற்பட்டால் 75 விழுக்காடு. முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இந்த விலைக்கணக்கில் சேருவதில்லை; அவை சொந்தக் கையிருப்பிலிருந்து வர வேண்டியவை. 48 லட்சத்துக்கு 8.5 விழுக்காட்டில் இருபதாண்டுத் தவணை மாதம் சுமார் 41,655 ரூபாய்.

ஒரு லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு விருப்பத்தின் அருகிலும் அதன் தவணையை நாமே எழுதிவிடலாம். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், சுவர் அலமாரிகள் ஆகியவற்றுக்கு 6 லட்சம் என்றால் மாதம் 5,207 ரூபாய். இருபதாண்டில் 12 லட்சத்து 50 ஆயிரம். அந்த அலமாரிகளின் கீல்கள் தவணை முடியும் வரை தாங்குமா என்பதும் ஐயமே. குடிபுகும்போது சமையலறைக்கு நல்ல கல்மேடையும் எளிய தட்டுகளும் போதும் என்று முடிவு செய்து, அதே தொகையை மாதந்தோறும் தொடர்வைப்பில் இட்டுவந்தால், வட்டியைச் சேர்க்காமலேயே எட்டாண்டில் 5 லட்சத்துக்கு அருகே சேரும். அப்போது எத்தகைய அலமாரி வேண்டும் என்பதும் வாழ்ந்து பார்த்தமையால் தெளிவாகத் தெரிந்திருக்கும். மாறும் வட்டியில் பெற்ற தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் இல்லை என்பதால், அத்தொகையைக் கடனைக் குறைக்கவும் பயன்படுத்தலாம்.

அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. 1,200 சதுர அடி என்று பேசப்படும் வீட்டின் கார்பெட் ஏரியா 850 சதுர அடியாக இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியா என்பது வெளிச்சுவர், பால்கனி முதலியவை நீங்கலாக, உட்சுவர்களோடு சேர்த்து, வீட்டுக்குள் நாம் பயன்படுத்தும் பரப்பு. நம் கட்டிலும் மேசையும் அடங்க வேண்டியது அதற்குள்தான். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் வளாகத்தில் உள்ளனவா என்று மகிழ்வதோடு, அவற்றைப் பராமரிக்க மாதந்தோறும் வசூலிக்கப்படும் தொகையையும் தவணையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். கடன் ஒரு நாள் முடியும், அது முடிவதில்லை. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமின்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கட்டுநருக்கு உரிமை இல்லை. வீடு கைக்கு வந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தென்பட்டால் கட்டணமின்றிச் சரிசெய்து தருவது அவரது கடமை. வாய்மொழியாகச் சொன்ன வசதிகள் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதப்பட்டுள்ளனவா என்பதைப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

தனி வீடு கட்டுவோர் தம் பட்டியலை வரைபடம் உள்ளாட்சி அமைப்புக்குச் செல்லுமுன் முடித்துக்கொள்வது நல்லது. கடன்தொகை அஸ்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகவே வழங்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பீட்டாளர், எழுந்துள்ள கட்டடத்தை அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிடுவார். இடையே மனம் மாறி ஓர் அறையை நீட்டினால் அடுத்த தவணைத்தொகை நிற்கக்கூடும். திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கும் வரை கொத்தனாரும் காத்திருப்பார், வட்டியும் ஓடும். சுவருக்குப் பூச்சு வேலை தொடங்கும் முந்தைய நாள், அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் குழாயும் மின்கம்பியும் செல்லும் வழியைச் செல்பேசியில் ஒளிப்படம் எடுத்து, அவற்றை வீட்டுப் பத்திர நகல்களோடு சேர்த்து வைக்கவும். எட்டாண்டு கழித்து அலமாரிக்குத் துளையிட வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.